ஆறாம் நாள் முறை

தஞ்சாவூர்க் கல்லூரியொன்றில் ரோஸ்லின் ஆராய்ந்தது ஹைட்ரோடால்சைட் என்ற வெள்ளைக் கல். அதன் அடுக்குகளுக்கு இடையே தண்ணீர் தங்கும். சுட்டால் அடுக்குகள் சரிந்துவிடும்; தண்ணீர் பட்டால் பழையபடி எழும்.

சுட்ட தூளைக் குப்பியில் அடைத்து அரக்கு வைத்தாள். ஆறாம் நாள் திறந்து தானே எக்ஸ்ரேயில் அளந்தபோது அடுக்குகள் எழுந்திருந்தன. மறுபடி சுட்டு அடைத்தாள். அடுத்த ஆறாம் நாளும் அப்படியே. கருவியை இயக்கும் அண்ணாதுரை அந்த இரண்டு நாளும் விடுப்பு.

“அண்ணே, என் குப்பியில தண்ணி ஊத்துனீங்களா?”

“நானே தண்ணியில்லாம கெடக்கேம்மா. ஆறு நாளைக்கு ஒருக்க எங்க வாய்க்கால்ல முறை. வயலுக்குத் தண்ணி விடுற நாளு. மடையிலதான் நின்னேன்.”

அவள் நம்பவில்லை. அடுத்த ஆறாம் நாள், மறுபடி சுட்டு அரக்கு வைத்த குப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு திருவையாற்றுப் பக்கம் அவர் வயலுக்கே போனாள். சம்பா பயிர் வெளுத்திருந்தது.

“பாருங்கம்மா, மடை வரைக்கும் வருது. வயலுக்குள்ள ஏற மாட்டேங்குது. எங்க போவுதுன்னே தெரியல.”

தோளில் பை கனத்தது. குப்பியை எடுத்தாள். அரக்கு உடையவில்லை. உள்ளே கழுத்துவரை வண்டல் கலங்கிய தண்ணீர்.

அண்ணாதுரை குப்பியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“எத்தனை முறையா எடுக்குறீங்கம்மா?”