வெளுக்காத தவளை

ஓவியக் கண்காட்சி ஒன்றில், மரபணுவை மாற்றி உடம்பைக் கண்ணாடிபோல் ஆக்கிய தவளை ஒன்று தொட்டியில் இருந்தது. அதன் இதயம் துடிப்பது வெளியே தெரிந்தது.

"யார் உன்னை இப்படிப் பண்ணினது?" என்று சுவரிலிருந்த பல்லி கேட்டது.

"அறுக்காமலே உள்ளே பார்க்கலாமேன்னு ஆராய்ச்சிக்காரங்க பண்ணினாங்க. பார்க்க அழகா இருக்குன்னு ஒரு கலைஞர் இங்கே கொண்டுவந்து வச்சுட்டார்."

"இதயம் ஏன் இவ்வளவு வேகமா அடிக்குது?"

"பார்க்க வர்றவங்க படமெடுக்க ஃபிளாஷ் அடிக்கும்போதெல்லாம் உயிர் போய் வருது. துடிப்பு குறைஞ்சா கண்ணாடியைத் தட்டுறாங்க."

எதிர்ச் சுவரில் பச்சைத் தவளை ஒன்றின் ஓவியம் தொங்கியது. அதைப் படமெடுக்க ஒருவர் ஃபோனைத் தூக்கியதும் காவலாளி ஓடிவந்தார்.

"ஃபிளாஷ் போடாதீங்க சார். தவளை வெளுத்துப் போயிடும்."

"அடடா, தெரியாமப் போச்சு," என்று வருத்தப்பட்டவர், ஃபோனைத் தொட்டிப் பக்கம் திருப்பினார்.