திருடு போகாத வண்டி

வாசலில் வந்து நின்ற சொர்ணம் அழவில்லை.

"எம் மவன் பைக்கைத் திருடலன்னு ரெண்டு ஜூரி சொன்னாங்க. திருடுனான்னு ரெண்டு பேரு. அஞ்சாவது ஆளு நீங்க. மூணு வருசம் உள்ள தள்ளிட்டீங்களே தம்பி."

"நான் கோர்ட்டுக்கே வரலம்மா," என்றான் தாமோதரன். "ஜூரியில ஒக்காந்தது என் நகல். எல்லார் மனசையும் பதிஞ்சு வச்சிருக்காங்கல்ல, அது."

"உங்க மனசுதானே?"

நகல் எடுத்த வாரத்தில்தான் தாமோதரனுடைய பைக் காணாமல் போயிருந்தது. திருடன் கிடைத்தால் கையை ஒடிப்பேன் என்று திட்டிக்கொண்டேதான் அன்றைக்கு மனசைப் பதியும் நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

சொர்ணத்தின் முன்னாலேயே நீதிமன்ற உதவி எண்ணை அழைத்தான்.

"என் வண்டி திருடு போகவே இல்லைங்க. மச்சினன் சொல்லாம எடுத்துட்டுப் போய், அப்புறம் கொண்டாந்து விட்டுட்டான். நகலுக்கு அது தெரியாது."

"புதுசா பதிஞ்சுக்கலாம் சார். பழைய தீர்ப்பு எதுவும் மாறாது."

"என் நகல் இதுவரைக்கும் எத்தனை பைக் கேசு பாத்திருக்கு?"

"அம்பதுக்கு மேல இருக்கும் சார். எல்லாத்துலயும் குற்றவாளின்னுதான் சொல்லியிருக்கு. தடுமாறாத நகல்னு இங்க அதுக்கு நல்ல பேரு."

போனை வைத்தான். சொர்ணம் படியோரம் நின்ற பைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வண்டி இதுதானா தம்பி?"