எல்லார் நோட்டிலும் குமிழி

தண்ணீர்த் துளியில் வெங்காயத் தோலை வைத்து, மேலே மூடும் மெல்லிய கண்ணாடியைப் பொத்தென்று போட்டார்கள் அறிவியல் வகுப்புப் பிள்ளைகள். காற்றுக் குமிழி ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டது. மைக்ராஸ்கோப்பில் கறுப்பு விளிம்போடு வட்டமாகத் தெரிந்த அதையே ‘செல்’ என்று நோட்டில் வரைந்தார்கள்.

"பார்த்தாயா, எல்லார் நோட்டிலும் நான்தான்!" என்றது குமிழி.

"நீ வெறும் காற்று," என்றது தோல்.

"அந்தக் காற்றுக்குத்தான் பென்சில் சீவுகிறார்கள்!"

ஜெசிந்தாவுக்கு மட்டும் சந்தேகம். டீச்சர் செய்துகாட்டியபடி கண்ணாடியைத் தூக்கி, ஊசியால் தாங்கி, ஒரு பக்கமாகச் சாய்த்து, மெல்ல இறக்கினாள்.

"ஏய், தள்ளாதே!" என்று கத்திக்கொண்டே குமிழி ஓரத்துக்கு நழுவி உடைந்தது.

ஜெசிந்தா குனிந்து பார்த்துக் கூவினாள்: "டீச்சர், செங்கல் சுவர் மாதிரி வரிசை வரிசையா இருக்கு!"

வகுப்பே முண்டியடித்துக்கொண்டு வந்து பார்த்தது.

"மெதுவா, மெதுவா," என்றது வெங்காயத் தோல். "முதலில் எல்லாரும் ரப்பரை எடுங்கள்."