யாழ்ப்பாணமா, திருகோணமலையா?

தங்கவேலு கங்காணிக்குப் புத்தி பிசகிப்போச்சுன்னு தேயிலைத் தோட்டத்து லயத்துல ஒரு வாரமா பேச்சு.

பின்னே என்ன? மக தக்ஷிகா வீட்டுக்குள்ள மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. ரெண்டு தடவை பரீட்சை எழுதியும் பெரிய டாக்டர் படிப்புக்குப் புள்ளி எட்டல. சித்த மருத்துவத்துக்குத் தாராளமாக் கிடைக்கும்னு டீச்சர் சொல்லியாச்சு. இவ கேக்கணுமே. நாட்டு மருந்து அரைக்கவா இவ்வளவு படிச்சேன், இன்னொரு தடவை எழுதுறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. அதுதான் கடைசித் தடவை. அதுவும் தவறினா, இப்ப கைக்கு வந்ததும் போச்சு. கெம்பஸுக்கு விண்ணப்பிக்கிற நாளும் முடியப் போகுது.

இந்த நேரத்துல பெத்தவன் மகளைக் கெஞ்சணும், இல்ல நல்லா ரெண்டு அதட்டு அதட்டணும். இவரு என்ன செய்யிறாரு? சித்த மருத்துவத்தை யாழ்ப்பாணத்துல படிச்சா பேரா, திருகோணமலையில படிச்சா பேரான்னு ஊரெல்லாம் விசாரிச்சுக்கிட்டுத் திரியிறாரு. கோயில் ஐயரைக் கேட்டாச்சு, கடை முதலாளியைக் கேட்டாச்சு. தலவாக்கலை பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காந்திருந்த பாவப்பட்ட மனுஷனைக்கூட விடல.

"பொண்ணு போகவே மாட்டேங்குறா, இவருக்குப் பேரு ஒரு கேடு"ன்னு பக்கத்துக் காம்பராவுல குடியிருக்கிற ஜெயலெட்சுமி எல்லார் முன்னாலயும் சொல்லிட்டா.

பொண்டாட்டி சண்முகவடிவுக்கு மானம் போச்சு. கொழுந்து எடுத்துட்டு வந்த கையோட புருஷனைப் பிடிச்சுக்கிட்டா.

"ஏங்க, மொதல்ல அவளைப் போகச் சொல்லுங்க. எங்கங்கிறதை அப்புறம் பாக்கலாம்."

"அட, நீ சும்மா இரு. பேரு தெரியாத எடத்துக்கு எப்படி அனுப்புறது?"

அடுத்த நாள் முதுகு வலிக்குதுன்னு கிளம்பிட்டார். தலவாக்கலையில சுலக்ஷனான்னு ஒரு சித்த டாக்டரம்மா இருக்காங்க, யாழ்ப்பாணத்துல படிச்சவங்க. அதுக்கு மறுநாள் அதே முதுகைத் தூக்கிக்கிட்டு ஹட்டனுக்கு. அங்க டாக்டர் விஜிதரன், அவரு திருகோணமலையில படிச்சவர். வலியெல்லாம் சும்மா. ஒவ்வொரு எடத்துலயும் என்ன கத்துக் கொடுத்திருக்காங்கன்னு பாக்கணுமாம். யாரு கை நல்ல கைன்னு நீதான் சொல்லணும்னு மகளையும் இழுத்துக்கிட்டுப் போனார். அவளும் வேண்டாவெறுப்பாப் போனா.

டாக்டரம்மா முதுகெலும்பை மேலயிருந்து கீழ வரைக்கும் மெதுவாத் தடவிப் பாத்தாங்க. ஒரு எடத்துல நிறுத்தி, தக்ஷிகாவோட விரலைப் பிடிச்சு அங்க வச்சு, அழுத்திப் பாருங்க தங்கச்சின்னு சொன்னாங்க. பொய் வலியோட போன மனுஷன் நெசமாவே அலறிட்டார். கூடை தூக்குற பொம்பளைங்களுக்கும் இந்த எடத்துலதான் பிடிக்கும்னு அந்தம்மா சொன்னாங்க.

வீட்டுக்கு வந்ததும் தக்ஷிகா அம்மா முதுகுல அதே எடத்தை அழுத்திப் பாத்தா. சண்முகவடிவு துள்ளிட்டா. ரொம்ப நேரம் அந்தப் பொண்ணு அம்மா முதுகை விட்டுக் கையை எடுக்கல.

ஹட்டன் டாக்டர் வேற மாதிரி. கை வைக்கிறதுக்கு முந்தி இவரை நடக்கச் சொன்னார். கழட்டிப் போட்ட செருப்பு ஒரு பக்கம் மட்டும் தேஞ்சு கெடக்குறதைப் பாத்துட்டு, எந்தக் கால்ல பாரம் போடுறாருன்னு சரியாச் சொல்லிட்டார்.

அன்னைக்குச் சாயந்தரம் வீடு ரெண்டாயிருச்சு.

தக்ஷிகா யாழ்ப்பாணம்னா. தங்கவேலு திருகோணமலைன்னார். செருப்பைப் பாத்தே சொன்னாரே, அதுவில்ல படிப்புன்னு அவரு. கை வச்ச ஒடனே வலி எங்கன்னு பிடிச்சாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்கன்னு அவ. போனை எடுத்து, ரெண்டு எடத்துலயும் யாரு படிப்பிக்கிறாங்க, எத்தனை நோயாளியைப் பாக்க விடுவாங்க, படிச்சு முடிச்சவங்க எங்கெங்க வேலை செய்யிறாங்கன்னு ஒண்ணொண்ணாத் தேடித் தேடி அப்பன் முகத்துக்கு நேரா நீட்டினா. அவரு அசையல. உன் போனுல என்ன வேணும்னாலும் வரும்னார். சோறு ஆறிப்போச்சு.

கடைசியில தக்ஷிகாவுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"அப்பா, படிக்கப்போறது நானா, நீங்களா?"

அடுப்படியில சண்முகவடிவு கரண்டியோட அப்படியே நின்னுட்டா.

அதே கோவத்துல தக்ஷிகா போன்லயே விண்ணப்பத்தை நிரப்பினா. மொதல்ல யாழ்ப்பாணம், அப்புறம் திருகோணமலை. அனுப்பியும் விட்டா. என் பேச்சை இந்த வீட்டுல யாரு கேக்குறான்னு மொனகிக்கிட்டே தங்கவேலு எழுந்து வாசலுக்கு வந்துட்டார்.

சண்முகவடிவு பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தா. உள்ள மக சிநேகிதி ஒருத்திகிட்ட போன்ல யாழ்ப்பாணத்துப் பெருமையை அளந்துக்கிட்டிருந்தா.

"ஏங்க, புள்ள போறாளே, அது போதும்ங்க. எந்த எடமா இருந்தா என்ன? திருகோணமலை இல்லேன்னு மனசுல வச்சுக்காதீங்க."

தங்கவேலு உள்ள ஒரு தரம் எட்டிப் பாத்துட்டு, குரலைத் தணிச்சுக்கிட்டார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் புள்ள. எது நல்லதுன்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

"அப்புறம் எதுக்குங்க இவ்வளவு கூத்து?"

"காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல நின்னு, இன்னைக்கு வேலைக்கு வர்றியான்னு கேட்டுப் பாரு, பாதிப் பேருக்கு மேலுக்கு முடியாது. அஞ்சாம் நம்பர் மலையா, எட்டாம் நம்பர் மலையான்னு கேளு, எட்டு ஏத்தம், அஞ்சுதான் வேணும்னு என்கிட்ட சண்டை போட்டுக்கிட்டே எல்லாம் கூடையைத் தூக்கிரும்."