டிஸ்க்கில் இன்னொரு ஆள்

“கேபிளை மாத்தியாச்சு, போர்ட்டையும் மாத்தியாச்சு. டிஸ்க்குல காப்பி ஆகுறது மட்டும் ஆமை வேகத்துலதான் போகுது,” என்றார் வீட்டுக்காரர்.

டெக்னீஷியன் ரவுட்டரில் மாட்டியிருந்த டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் பார்த்தார். “உங்களோட சேர்ந்து இன்னொருத்தரும் இதுல ஏத்திட்டிருக்காங்க சார். அதான் இழுக்குது.”

“நானும் என் சம்சாரமும்தானே வீட்டுல. பக்கத்து வீட்டுக்காரன் உள்ள பூந்துட்டானா?”

“இல்ல சார், மேடத்தோட லேப்டாப்தான்.”

அதிலிருந்து ஏறிக்கொண்டிருந்த ஃபோல்டரைத் திறக்கச் சொன்னார் வீட்டுக்காரர். உள்ளே வீட்டுக்காரரின் போன் மெசேஜ்கள், தேதிவாரியாக.

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. “கட்டின புருஷனையே வேவு பாக்குறாளா? இவளை நம்பியா குடும்பம் நடத்துறேன்?”

டெக்னீஷியன் சங்கடத்துடன் பேச்சை மாற்றினார். “ரெண்டுல ஒண்ணை நிறுத்தினாத்தான் வேகம் வரும். உங்களதை நிறுத்தவா சார்?”

“வேண்டாம், வேண்டாம். அவ குளிச்சிட்டு வந்து தன் போனைத் தேடுறதுக்குள்ள, அதுல இருக்கிறது முழுக்க ஏறியாகணும்.”