தொண்ணூறாவது நாள்

திருப்பூரின் அந்தப் பனியன் கம்பெனியில் அன்று ஒரே பரபரப்பு. இன்னும் பத்து நிமிடம் தாண்டிவிட்டால் சூப்பர்வைசர் செண்பகவல்லி மேனேஜர் ஆகிவிடுவாள். அவளுக்குக் கீழே வேலை செய்த நாற்பது பெண்களின் நெற்றியிலும் ஒரு பட்டை இருந்தது. மூளையில் பயம் எழுந்தால் அதன் பச்சை விளக்கு சிவப்பாகும். தொண்ணூறு நாள் ஒரு சிவப்பும் விழாமல் வேலை வாங்குபவருக்குத்தான் அந்தப் பதவி.

"மேனேஜர் ஆனதும் எங்களை மறந்துராதீங்கக்கா," என்றாள் கட்டிங் மிஷினில் நின்ற ரோசலின்.

"துணியப் பாரு கண்ணு," என்றாள் செண்பகவல்லி. அந்த மெல்லிய குரலைப் பழகவே அவள் படாதபாடு பட்டிருந்தாள்.

ரோசலின் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவள் கை துணியோடு சேர்ந்து, ஓடும் கத்தியை நோக்கிப் போனது.

"ரோசலின் கண்ணு, கையக் கொஞ்சம்..." பழகிய குரல்தான் முதலில் வந்தது. மிஷின் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

"அடியேய்! கைய எடுடி!"

கூரை அதிர்ந்தது. கை வெடுக்கென்று பின்னால் வந்தது. நாற்பது நெற்றிகளிலும் சிவப்பு எரிந்தது.

செண்பகவல்லி ஓடிப்போய் ரோசலினின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பத்தும் இருந்தன.

"ஏனுங்கக்கா," ரோசலினுக்கு மூச்சு வாங்கியது, "இந்தத் தொண்டைய மூணு மாசமா எங்க வெச்சிருந்தீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். விளக்குகள் பச்சைக்குத் திரும்பின. சுவர்ப் பலகையில் செண்பகவல்லியின் கணக்கு மறுபடி முதல் நாளுக்குப் போயிருந்தது.

"என்னங்கடி வேடிக்கை? வேலையப் பாருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

ஒரு விளக்குகூட நிறம் மாறவில்லை.