தலை சாய்ந்த மரங்கள்

சேலை முந்தியில் இருப்பது மாங்காயே இல்லை என்று நாத்தனாரிடம் யார் சொல்வது? ருக்சானா கட்டிலில் விரித்திருக்கும் பட்டுச்சேலையைப் பார்க்கிறாள். கம்பம் கடைத்தெருவில் ஜவுளி விற்ற அவள் கணவன் அப்சல் போன வருடம் மௌத்தாகிவிட்டான். நிக்காஹ் முடிந்த அன்று இந்த முந்தியின் சரிகை மாங்காய் ஒன்றில் விரலை வைத்து அவன் சொன்னான்: "நாமதான் மாங்காங்கிறோம். பாரசீகத்துல இது காத்துக்குத் தலை சாஞ்ச சைப்ரஸ் மரம்னு சொல்றாக. சாயுமாம், ஒடியாதாம்." இப்போது ஆடிக்காற்று திராட்சைப் பந்தல்களைக் கடந்து வந்து ஜன்னல் வழியே முந்தியை உப்ப வைக்கிறது. சரிகை மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாக அசைகின்றன. அவன் விரல் பட்ட மரத்தின் மேல் வெயில் விழுந்து நகர்கிறது. நாத்தனார் மெஹராஜ் கத்தரிக்கோலை விரிக்கிறாள். தன் மகள் கல்யாணத்துக்கு இந்த முந்தியில் ரவிக்கை வெட்ட வேண்டுமாம். "மாங்கா சீசனே முடிஞ்சுபோச்சு மதினி. பொட்டிக்குள்ள வச்சுப் பழுக்கப் போடப் போறீகளா? அண்ணன் இருந்தா அவுகளே வெட்டிக் குடுத்திருப்பாக." கொடுத்திருப்பான்தான். ருக்சானாவுக்குச் சிரிப்பும் வருகிறது. காற்று அடங்கும்வரை அந்த ஒரு மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்திருக்கிறாள். பிறகு முந்தியை மெல்ல மடிக்கிறாள். "கடையில வேற பட்டு எடுத்துக்க புள்ள. இத வெட்ட வேணாம்."